குடம் தூக்கக் கூடாதவர் துடுப்புப் போடலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. மூன்று வருடம் முன்பு இடது மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனது. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இடது கையால் ஒரு குடம் தண்ணீர் தூக்க வீட்டில் விட்டதில்லை. "கை வீங்கிப்போகும்" என்று நாத்தனார் பக்கத்திலேயே காவல் இருக்கிறார். போன மாதம் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலாங் பக்கம் நீளமான படகு ஒன்றில் இருபது பெண்கள் ரோஸ் கலர் சட்டை போட்டுக்கொண்டு, கொட்டுச் சத்தத்துக்குத் துடுப்புப் போட்டுப் போனார்கள். அத்தனை பேரும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் என்று மகள் சொன்னாள். அவர்களுக்கு மட்டும் கை வீங்காதா? இப்படிக் கூட்டாகச் சேர்ந்து தைரியமாக இருந்தால் நோய் திரும்பாது, ஆயுசு கூடும் என்கிறாளே, நிஜமா? எனக்கு மற்ற நோயாளிகளைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது.
– வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, முதலில் நாத்தனாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்வது அவராகக் கட்டிவிட்ட கதையில்லை. 1990-களின் நடுப்பகுதி வரை உலகமெங்கும் மருத்துவர்களே சொல்லி அனுப்பிய அறிவுரை அது. கனமாகத் தூக்காதே, துணி பிழியாதே, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யாதே. இயன்முறை சிகிச்சை, அதாவது அசைவையும் பயிற்சியையும் மருந்தாகக் கொடுக்கும் வைத்தியம், படித்து முடித்து வேலைக்கு வந்த புதிதில் நானும் அதையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறேன். ஒரு அம்மா என் பேச்சை அப்படியே கேட்டார். எட்டு மாதம் கையை மடியில் வைத்துக் காப்பாற்றினார். திரும்பி வந்தபோது தோள் இறுகிப்போய், தலை பின்னிக்கொள்ள மருமகள் கையை எதிர்பார்க்கும் நிலை. வரக்கூடாது என்று பயந்த வீக்கமும் வந்திருந்தது. சொன்னபடி கேட்கும் நோயாளி என்றால் அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

வீக்கம் ஏன் வருகிறது என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ரத்தக் குழாய்களிலிருந்து எந்நேரமும் கொஞ்சம் நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. அதை வாரி எடுத்து மறுபடி ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க உடம்பெங்கும் நூலிழை போன்ற குழாய்கள் உண்டு. அவற்றில் ஓடுவது நிணநீர். வழியில் அங்கங்கே அவரை விதை மாதிரி உட்கார்ந்து கிருமிகளை வடிகட்டும் சின்னச் சின்ன உருண்டைகளுக்கு நிணநீர்க்கணு என்று பெயர். ஊரில் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அந்த நெறி இதுதான். கையிலிருந்து வரும் நிணநீர் பெரும்பாலும் அக்குள் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே 20, 30 கணுக்கள் இருக்கும். புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியதை அகற்றவும் அவற்றை எடுக்கிறார்கள். எடுத்தபின் வழி குறுகிவிடுகிறது. நீர் தேங்கிக் கை கனத்து வீங்கினால் அது நிணநீர் வீக்கம். உங்கள் மருத்துவச் சீட்டில் 'லிம்ஃபெடிமா' என்று எழுதியிருப்பார்கள்.

எல்லோருக்கும் இது வருவதில்லை. அக்குள் கணுக்களைக் கொத்தாக எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. இப்போது பல இடங்களில் காவல் கணு, அதாவது கட்டியிலிருந்து நிணநீர் முதலில் வந்து சேரும் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும், எடுத்துச் சோதிக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான்.

இனி அந்தப் பழைய அறிவுரைக்கு வருவோம். அதன் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. நீங்கள் கண்மாய்ப் பாசன ஊர்க்காரர், சட்டென்று புரியும். வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது மடையைத் திறந்தால் என்ன ஆகும்? தண்ணீர் கரையேறும். கையால் வேலை செய்தால் அதற்கு ரத்த ஓட்டம் கூடும், கசிவு கூடும், தூர்ந்த வாய்க்கால் தாங்காது. எனவே மடையைத் திறக்காதே, கையை அசைக்காதே. கேட்க அறிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த உவமைக்குள் அடங்காத ஒன்று உண்டு. கண்மாய்த் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத் தானாக ஓடும். நிணநீருக்கோ ரத்தத்துக்கு இருப்பதுபோல் ஒரு இதயம் கிடையாது. குழாய்கள் மெல்லச் சுருங்கித் தள்ளுவது கொஞ்சம். பக்கத்துத் தசை இறுகித் தளரும்போது பிழிந்து தள்ளுவது கொஞ்சம். மூச்சை ஆழ இழுத்து விடும்போது நெஞ்சு உறிஞ்சுவது கொஞ்சம். கையை அசைக்காதே என்றால் தண்ணீர் இறைக்கும் ஏற்றத்தையே நிறுத்தி வைப்பது போல.

இன்னொன்றும் உண்டு. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சும்மா வைத்த கை வருடம் போகப் போகச் சூம்பும். ஆனால் வாழ்க்கை சும்மா இருக்குமா? ஒருநாள் பேரன் ஓடிவந்து தூக்கு என்பான், அடுப்பில் குக்கர் பொங்கும், பஸ்ஸில் பிரேக் போட்டால் கம்பியைப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் சூம்பிய தசையால் தாங்க முடியாமல் சுளுக்கிக்கொள்ளும். சுளுக்கு என்றால் உள்ளே அழற்சி, அதாவது காயத்தை ஆற்ற ரத்தமும் நீரும் வந்து குவிவது. வடிகால் குறுகிய கைக்கு அதைவிட மோசமான விருந்தாளி இல்லை. பத்திரப்படுத்திய கையில் வீக்கம் வரும் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மருத்துவராக இருந்த டான் மெக்கென்சி. 1996-ல் வான்கூவர் நகரில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 24 பெண்களைச் சேர்த்தார். செய்யவே கூடாது என்று எதைச் சொன்னார்களோ அதையே தேர்ந்தெடுத்தார்: மேல் உடம்பால், பலமாக, ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்யும் வேலை. டிராகன் படகு சீனர்களின் பழைய பந்தயப் படகு. முகப்பில் நாகத்தலை, பத்துப் பலகையில் ஜோடி ஜோடியாக இருபது பேர், முன்னால் கொட்டடிக்க ஒருவர், பின்னால் திசை பிடிக்க ஒருவர். ஆலப்புழை வள்ளங்களியின் சின்னத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீரில் இறக்கிவிடவில்லை. முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் தயார்ப்படுத்தி, பிறகுதான் படகு. அந்த ஜூன் மாதப் பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். பருவம் முடிந்தபோது யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. 1998-ல் இதைக் கனடிய மருத்துவச் சங்க இதழில் எழுதினார்.

அந்தப் பெண்கள் தங்கள் குழுவுக்கு வைத்த பெயர் 'அப்ரெஸ்ட் இன் எ போட்'. ஆங்கிலத்தில் அப்ரெஸ்ட் என்றால் தோளோடு தோள், பக்கத்தில் பக்கத்தில் என்று பொருள். அந்தச் சொல்லுக்குள்ளேயே மார்பு என்ற சொல்லும் ஒளிந்திருக்கிறது. சிலேடை என்றால் காளமேகம் மட்டும்தானா என்ன! நீங்கள் பார்த்த ரோஸ் சட்டைக்காரர்கள் அந்த 24 பேரின் வழி வந்தவர்கள். இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இப்படிக் குழுக்கள் இருக்கின்றன.

'வெறும் 24 பேரை வைத்து எப்படி முடிவு கட்டுவது?' என்று நீங்கள் கேட்டிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டமும் அங்கே இல்லை. அந்தக் குறையை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேத்ரின் ஷ்மிட்ஸ் தீர்த்துவைத்தார். ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி வாரம் இருமுறை எடை தூக்கியது, மறுபாதி வழக்கம்போல் இருந்தது. ஒரு வருடத்தில் வீக்கம் முற்றியது எடை தூக்கியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு, தூக்காதவர்களில் 29 பேருக்கு. இது 2009-ல். அடுத்த வருடம், வீக்கம் இல்லாத 154 பேரின் கணக்கை வெளியிட்டார். அவர்களிலும் ஐந்து அல்லது அதற்கு மேல் கணுக்களை இழந்தவர்களை, அதாவது உங்களைப் போன்றவர்களை, தனியாகப் பார்த்தால் தூக்கியவர்களில் 7 சதவீதம், தூக்காதவர்களில் 22 சதவீதம் பேருக்கு வீக்கம் வந்திருந்தது. நாத்தனாரிடம் இந்த ஒரு வரியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆனால் வாசித்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போகக் கூடாது! அந்தப் பெண்கள் மிகக் குறைந்த எடையில் ஆரம்பித்தார்கள். முதல் 13 வாரம் பயிற்சியாளர் பக்கத்தில் நின்றார். வீக்கம் இருந்தவர்கள் அழுத்த உறை, அதாவது கையை இறுக்கிப் பிடிக்கும் நீளமான மீள்துணி உறை, போட்டுக்கொண்டுதான் தூக்கினார்கள். நிறைந்த பிளாஸ்டிக் குடம் 15 கிலோவுக்குக் குறையாது. நீங்கள் தொடங்க வேண்டியது சொம்பில். ஒரு சொம்புத் தண்ணீரைத் தோள் உயரத்துக்குப் பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரம் கை எதுவும் சொல்லவில்லையா, கொஞ்சம் பெரிய பாத்திரம். அரைக் குடத்துக்கு வரவே சில மாதம் ஆகும், ஆகட்டும். தொடங்கும் முன் அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கை எப்படிச் சொல்லும் என்கிறீர்களா? நான் அளவு நாடாவை எடுப்பதற்கு முன் வளையலைத்தான் பார்ப்பேன். நேற்று வரை தளர்வாக ஏறி இறங்கிய வளையல் இன்று மணிக்கட்டில் நின்றால், ரவிக்கைக் கை அழுத்திய தடம் சாயங்காலம் வரை மறையாமல் இருந்தால், மோதிரம் சோப்புப் போட்டால்தான் கழலும் என்றால், அன்று சொம்பை வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கை சிவந்து காய்ச்சலும் வந்தால் காத்திருக்கவே வேண்டாம், அது கிருமித்தொற்று. அன்றே போக வேண்டும். அரிவாள்மனையில் பட்ட சிறு கீறலைக் கூடக் கழுவி மருந்து போடுங்கள்.

அடுத்து ஆயுசு. இதில் உங்கள் மகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவர் எங்கோ படித்தது பொய்யில்லை, பாதிக் கதை. 1989-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவிய 86 பெண்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஒரு வருடம் வாரா வாரம் கூடி, ஒன்றரை மணி நேரம் மனம்விட்டுப் பேசினார்கள். அவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பேச்சே மருந்து என்று புத்தகங்கள் வந்தன. ஆனால் ஒரு முறை வந்த விடை மறுமுறையும் வருகிறதா என்று பார்ப்பதுதானே அறிவியல்? 2001-ல் கனடாவில் 235 பெண்களை வைத்துச் செய்தபோது இரு பிரிவினரின் ஆயுளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2007-ல் ஸ்பீகலே 125 பேரை வைத்து மறுபடி செய்தார். முதலில் வந்த பலன் வரவில்லை. வரவில்லை என்று அவரே எழுதி வெளியிட்டார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

எனவே குழுவில் சேர்ந்தால் ஆயுள் நீளும் என்று என்னால் சொல்ல முடியாது. தைரியமாக இருந்தால் நோய் திரும்பாது என்ற பேச்சை நான் வெறுக்கவே செய்கிறேன். அதில் ஒரு முள் இருக்கிறது. நாளைக்கு நோய் திரும்பினால், போதுமான தைரியம் எனக்கு இல்லாமல் போய்விட்டதே என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொள்வாள். அழுததால் யாருக்கும் புற்றுநோய் திரும்பவில்லை. அழ வேண்டும் போலிருந்தால் அழுங்கள்.

பிறகு எதற்குக் கூட்டம்? அந்தக் கனடா ஆய்விலேயே விடை இருக்கிறது. ஆயுள் கூடவில்லை, ஆனால் குழுவில் இருந்தவர்களுக்கு மனத்தின் பாரம் குறைந்தது, வலியும் அவ்வளவாகத் தெரியவில்லை. யாருக்கு? தொடக்கத்தில் மிகவும் தவித்துப்போய் இருந்தவர்களுக்கு. தவிப்பு இல்லாதவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. பசித்தவருக்குத்தானே சோறு.

அந்தப் பாரம் எப்படிக் குறைகிறது என்பதை ஆறுதல் வார்த்தையின் மகிமை என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது பெரும்பாலும் துப்புச் சொல்வதில்தான் இருக்கிறது. மருந்தேறி முடி கொட்டப்போகிறது என்று தெரிந்து கலங்கி நின்ற ஒருவரிடம், பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்: "கொத்துக் கொத்தா தலகாணியில பாக்குறதுக்கு முன்னாடி நீயே மொட்டை போட்டுரு. கேக்குறவங்ககிட்ட திருப்பதி போயிட்டு வந்தேன்னு சொல்லு." அறை முழுக்கச் சிரிப்பு. நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த யோசனை எனக்கு வந்திருக்காது. இன்னொருவர், எடுத்த மார்பின் இடத்தில் வெறும் பஞ்சை வைத்தால் மேலேறிக்கொள்கிறது, ரவிக்கைக்குள் துணிப்பை தைத்துக் கடுகு நிரப்பினால் கனம் சரியாக நிற்கிறது என்று தைத்தே காட்டினார். ஒரு பக்கம் எடையில்லாவிட்டால் தோள் ஒருபக்கமாகச் சாயும், கழுத்து வலிக்கும் என்பது பாடப்புத்தகத்தில் உண்டு. கடுகு இல்லை. அறுவைக்குப் பின் விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சி கொடுப்போம்: சுவர் பக்கம் நின்று விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே நடத்த வேண்டும். ஒரு பெண் தினமும் எட்டிய உயரத்தில் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டி வைத்தார். அடுத்த மாதம் எங்கள் அறைச் சுவரில் ஏழெட்டுக் கலரில் பொட்டுகள் வரிசை வரிசையாக ஏறின. என் அளவுக் கட்டத்தை அதன்பிறகு யாரும் தொடவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் நாங்களும் இல்லை. 1952-ல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு மார்பு அகற்றப்பட்டது. கணவர் வருமான வரிப் புத்தகம் எழுதிப் பேர்பெற்ற ஜே. கே. லாசர். இனி என்ன உடுத்துவது, கையை எப்படி அசைப்பது என்று சொல்ல ஆளில்லை என்ற எரிச்சலில், அறுவை முடிந்த மற்றப் பெண்களின் படுக்கையருகே அவரே போய் உட்கார ஆரம்பித்தார். கையில் ஒரு பை; அதற்குள் உருட்டிப் பிடிக்க ஒரு பந்து, தோளை அசைக்க ஒரு கயிறு, ரவிக்கைக்குள் வைக்கத் தற்காலிக மார்பு. மருத்துவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதைத் தன் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. பந்தையும் கயிற்றையும் கவனித்தீர்களா? கைப்பயிற்சியும் தோழமையும் அன்றே ஒரே பைக்குள் வந்துவிட்டன.

மற்ற நோயாளிகளைப் பார்த்தால் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் விக்கி ஹெல்ஜெசன் என்ற உளவியலாளர் 312 பெண்களை வைத்துப் பார்த்தார். வீட்டில் ஆதரவு இல்லாதவர்களுக்கு, கூடிப் பேசும் குழு உதவியது. வீட்டில் நல்ல ஆதரவு இருந்தவர்களுக்கோ அது கெடுதலாகவே முடிந்தது. காவல் நிற்கும் நாத்தனார் வாய்த்த உங்களுக்கு வட்டமாக நாற்காலி போட்டுப் பேசும் கூட்டம் தேவைப்படாமல் போகலாம். அப்படியானால் ஒரே ஒருவர் போதும்: உங்களுக்கு ஆன அதே அறுவை ஆகி, ஐந்தாறு வருடம் கடந்தவர். சிகிச்சை எடுத்த இடத்தில் கேட்டால், அவர் சம்மதத்தோடு அறிமுகம் செய்துவைப்பார்கள். ஒன்று மட்டும் கறாராக இருங்கள். அவர் அனுபவம் சொல்லட்டும். மருந்தை நிறுத்து, இந்தக் கஷாயம் குடி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

படகுக்காரர்கள் மரணத்தை மறைப்பதில்லை. அவர்களின் பெரிய விழாக்களில் பந்தயம் முடிந்ததும் படகுகளை ஒன்றோடொன்று அணைத்து நிறுத்தி, இறந்துபோன தோழிகளை நினைத்து ரோஸ் நிறப் பூக்களைத் தண்ணீரில் போடுவார்கள். ஆனால் மற்ற நாளெல்லாம் படகில் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. தண்டு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டுவார். துடுப்புப் போடுபவருக்கோ முன்னால் இருப்பவரின் முதுகும் அதற்கப்பால் தண்ணீரும்தான் தெரியும். பேசத் தோன்றினால் பக்கத்தில் ஆள் இருக்கிறார், தோன்றாவிட்டால் கொட்டுச் சத்தம் இருக்கிறது. பேசுவதற்கென்று கூடாத இடத்தில் பேச்சு சுலபமாக வரும். நாற்று நடவிலும் ஆட்டுக்கல் பக்கத்திலும் நம் பெண்கள் பேசாத பேச்சா?

காரைக்குடியில் டிராகன் படகு கிடைக்காது. சொம்பும் சுவரும் பொட்டும் கிடைக்கும், அதுவே ஆரம்பத்துக்குப் போதும். அடுத்த முறை சிங்கப்பூர் போகும்போது, மருத்துவரின் சம்மதச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அந்தக் குழுவிடம் விசாரியுங்கள். எந்தப் பக்கம் உட்காருகிறீர்கள், இடமா வலமா என்று கேட்பார்கள். இடது கையில் அறுவை, அதனால் வலது பக்கம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரு கை துடுப்பின் தலையைப் பிடிக்கும், மற்றது தண்டைப் பிடிக்கும்; இரண்டுக்கும் வேலை உண்டு.